பிரேக்கம்மாவின் செல்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், மற்றது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே ஐம்பது வயதைத் தாண்டியவள் அவள். சினிமாவுக்குப் போனால் திரையில் ஓடும் காருக்கும் அவள் கால் அழுத்தும். பஸ்ஸில் முன் இருக்கைக்காரர், முதுகில் யார் உதைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. தெருவில் எல்லோருக்கும் அதுவே பழகிப்போனது.

வீட்டின் கீழ்ப்பகுதிதான் அவளுடைய ஓட்டுநர் பள்ளி. ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சாலைக் குறியீடுகள் அச்சிட்ட வெளிறிய படம். மாடியில் குடித்தனம். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் உட்கார்ந்தால் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருப்பார். அவள் நேர்மாறு. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், உட்கார்வாள், மறுபடி எழுந்து திறப்பாள். "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவ" என்று நாத்தனார் சொல்வாள். நாத்தனாருக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் அண்ணன் வீட்டில்தான் பகல் முழுக்க இருப்பாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஒரு நாளாவது சண்டை இல்லாமல் கழிந்ததில்லை, ஒரு நாளாவது பேசாமலும் இருந்ததில்லை.

பிரேக்கம்மாவுக்கு இருமல் வந்தபோது அவள் கிளட்சைத்தான் குறை சொன்னாள். "இதுங்க கிளட்சை எரிச்சு எரிச்சு அந்தப் புகையை நான்தானே முழுங்கறேன்" என்றாள். பிறகு காரில் தொங்கிய வாசனை அட்டையைக் குறை சொல்லி அதைப் பிடுங்கி எறிந்தாள். அதன் பிறகு குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பரிசோதனையில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்தது. கல்லீரலில் ஒரு சிறிய இடத்திலும் பரவியிருந்தது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை என்று டாக்டரிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், அப்படிச் சொன்னால் முடிவை மாற்றி எழுதிவிடுவார்கள் என்பதுபோல்.

மருந்து இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. வகுப்பைக் குறைத்துக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. பிறகு ஒரு ஸ்கேனில் கட்டிகள் மறுபடி தலைதூக்கியிருந்தன.

"இந்த மருந்துக்கு அது பழகிடுச்சுங்க" என்றார் டாக்டர். அவளைவிடப் பத்து வயது இளையவர், கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் பெண். "இன்னொரு கீமோ கொடுக்கலாம். பெரிசா எதிர்பார்க்க முடியாது. இல்லைன்னா இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. அதை நான் சிகிச்சைன்னு சொல்ல மாட்டேன். சோதனைதான். உங்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம், கெடுதலும் பண்ணலாம்."

"என்ன பண்ணுவீங்க?"

"நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் கொஞ்சம் ஏற்கெனவே உங்க கட்டிக்குள்ள போய் நிக்குது. எதிரி யாருன்னு அதுங்களுக்குத் தெரியும். ஆனா எண்ணிக்கை பத்தலை, ஓய்ஞ்சுபோச்சு. நாங்க கட்டியில ஒரு துண்டு எடுத்து, அந்த செல்களைப் பிரிப்போம். எது எது உங்க கட்டியை நல்லா அடையாளம் கண்டுபிடிக்குதோ அதை மட்டும் பொறுக்கி, லேப்ல கோடிக்கணக்கில பெருக்கி, திரும்ப உங்க உடம்புக்குள்ளயே விடுவோம்."

"அப்போ இது எல்லாருக்கும் கொடுக்கிற மருந்து இல்லையா?"

"உங்களுக்கு மட்டும்தான். பக்கத்து கட்டில்காரருக்கு அதைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு அவரோடது."

"வளர எவ்வளவு நாளாகும்?"

"ஒன்றரை மாசம்னு வைங்க. முன்னபின்ன ஆகலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

"காத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

பிரேக்கம்மாவின் கால் மேசைக்கடியில் எதையோ அழுத்தியது. கெடுதலும் பண்ணலாம் என்று கேட்டபோதுகூட அவள் அசையவில்லை. இந்தச் சொல்தான் அவளைக் கலக்கியது.

விளக்கக் காகிதங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கணவர் வழக்கப்படி பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உயிருக்கு ஆபத்து, கடுமையான காய்ச்சல், மூச்சுத் திணறல், கிருமித் தொற்று என்று பக்கம் பக்கமாகப் போயிருந்தது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பிழைகூட இல்லை" என்றார், ஏமாந்தவர்போல். பிறகு வெகுநேரம் அந்தக் காகிதங்களின் ஓரத்தையே தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சேர்த்துக்கொள்வதற்கு முன் தலை ஸ்கேன், இதயச் சோதனை, குழாயில் ஊதும் மூச்சுச் சோதனை என்று அலைக்கழித்தார்கள். ஒவ்வொன்றிலும் தேறவேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். "என்கிட்ட எத்தனை பேர் டெஸ்டுக்குப் போயி அழுதிருக்காங்க! இப்போதான் தெரியுது" என்றாள் கணவரிடம். தேறினாள். விலாவில் சிறு துளை போட்டுக் கட்டியின் துண்டை எடுத்தார்கள். அதை ஒரு பெட்டியில் வைத்து லேபுக்கு எடுத்துப் போய்விட்டதாக ஆராய்ச்சிப் பிரிவின் நர்ஸ் வந்து சொன்னாள்.

நாத்தனார் இதைத் தன் தெருவில் சொன்ன விதம்தான் வேடிக்கை. "அண்ணியோட செல்லை லேபுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் திருப்பித் தருவாங்களாம்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி உருகிப்போய், "அதுவரைக்கும் போன் இல்லாம எப்படி? எங்க வீட்ல ஒரு பழைய செல் சும்மாதான் கிடக்குது" என்று சார்ஜரோடு கொண்டுவந்து கொடுத்தாள். பிரேக்கம்மா சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. வீட்டில் அவள் இருந்த இருப்பு, சுடுமணலில் நிற்பவள் இருப்பு. கீழே இறங்கி நாற்காலிகளை வரிசை மாற்றுவாள். மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். பாதிப் படியில் உட்கார்ந்து, அங்கிருந்தே நாத்தனாரிடம் அடுப்பை அணைத்தாயா என்று கத்துவாள். போன் மணி அடித்தால் பாய்ந்து எடுப்பாள். யாராவது வகுப்புக்கு விசாரித்தால், "இப்போ இல்லை, வைங்க" என்று சீறுவாள்.

"அதுங்க வளருதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? பாலை அடுப்புல வெச்சா பொங்குதான்னு பக்கத்துல நின்னு பாக்கலாம். இதை எங்க போயி நின்னு பாக்கறது?"

"நீ போயி நின்னா அதுங்க பயந்துபோயி வளராது" என்றார் கணவர்.

ரத்தச் சோதனைக்காகப் புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. காத்திருப்பு அறையில் அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார், முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர். ஒல்லியானவர். தன் தலையில் ஒரு முடி இல்லாவிட்டாலும் அறையில் இருப்பவர்களின் முடியையெல்லாம் அளவெடுத்துக்கொண்டே இருப்பார். இருபது வயதிலிருந்து புகைத்தவர், அதை மறைக்கவும் மாட்டார். அவரும் அதே சோதனையில் சேர்ந்திருந்தார்.

"உங்களுது வளருதாம்மா?" என்று கேட்டார் முதல் நாள்.

"யாருக்குத் தெரியும்? வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

"என்னுது கண்டிப்பா சோம்பேறியாத்தான் இருக்கும். என் உடம்புல பொறந்தது வேற எப்படி இருக்கும்? பத்து மணிக்கு எழுந்திருச்சு, பேப்பர் படிச்சு, டீ குடிச்சுட்டு, அப்புறம்தான் ரெண்டாப் பிரியும்."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு புதன்கிழமைகள் அவ்வளவு கொடுமையாக இல்லை. தன் மனைவியிடம் சொல்லமுடியாததை அவர் இவளிடம் சொன்னார். தன் கணவரிடம் சொல்லமுடியாததை இவள் அவரிடம் சொன்னாள். இருவருக்கும் ஒரே பயம்தான். செல் வளராமல் போய்விடுமோ என்ற பயம்.

ஒரு நாள் காலை நர்ஸ் போன் செய்தாள். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்ததிலேயே பிரேக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்சம் வளர்ந்துச்சும்மா. அப்புறம் நின்னுடுச்சு. உடம்புக்குள்ள விடற அளவுக்கு வரலை."

"செத்துப்போச்சா?"

"அப்படிச் சொல்ல வேணாம்மா. துண்டுல பாதியை உறையவெச்சு பத்திரமா வெச்சிருக்கோம். அதுலேர்ந்து மறுபடியும் முயற்சி பண்ணலாம்னு டாக்டர் சொல்றாங்க. முதல்லேர்ந்து."

"மறுபடியும் ஒன்றரை மாசமா?"

"ஆமாம்மா."

அவள் போனை வைத்தாள். கணவர் அச்சகத்தில் இருந்தார், நாத்தனார் இன்னும் வரவில்லை. யாரிடமும் சொல்வதற்கு முன்பே போன் மறுபடி அடித்தது. முடிதிருத்துபவர்.

"அம்மா, வந்துடுச்சும்மா! சோம்பேறிங்க பொழைச்சுடுச்சுங்க! அடுத்த வாரம் அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். உங்களுது என்னாச்சு?"

"வளர்ந்துட்டிருக்காம்" என்றாள் பிரேக்கம்மா. "ரொம்ப சந்தோஷங்க. நல்லபடியா போயிட்டு வாங்க."

வயிறு எரிந்தது. அவர்மேல் கோபமில்லை. ஆனால் அவர் செல்கள் வளர்ந்ததும் தன் செல்கள் ஓய்ந்ததும் ஒரே காலையில் நடந்ததை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வளர்ப்பதற்கு எடுத்துப் போனவற்றில்கூடத் தன்னுடையவைதான் சோதாவா? சாவியை எடுத்தாள். தனியாக ஓட்டவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளம்பிவிட்டாள்.

எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கடைவீதியைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, புறவழிச்சாலைக்கு வந்தாள். பள்ளிக் கார் அவ்வளவு வேகத்தை அதன் ஆயுளில் கண்டதில்லை. ஒரு லாரியை முந்தும்போது இருமல் பிடித்தது. விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரம் கட்டினாள். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே போகும் மூச்சு பாதி வழியிலேயே திரும்பிவிடுவதுபோல் இருந்தது. கொஞ்சம் தெளிந்ததும் கணவருக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று அவர் பதறியதற்கு, "கூப்பிட்டீங்கன்னா நான் ஏறமாட்டேன், நீங்க மட்டும் வாங்க" என்றாள்.

அவர் இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். காதில் பென்சில் செருகியபடியே இருந்தது. பின் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"நான் விலகிக்கறேன். எப்போ வேணாலும் விலகலாம்னு அந்தக் காகிதத்துலயே போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கு. விலகினா ஏன்னு கேக்க மாட்டாங்கன்னும் போட்டிருக்கு." பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "நான் கேப்பேன்" என்றார்.

லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

"பயமா இருக்குங்க. வளரலைன்னா பயம். வளர்ந்து வந்தா, அதை ஏத்தினதும் என்ன ஆகுமோன்னு அதைவிடப் பயம். எனக்கு இப்படி சும்மா உக்காந்து வராது."

"எனக்கும் பயம்தான். உன்கிட்ட சொன்னா நீ ஜாஸ்தியாப் பயப்படுவேன்னு சொல்லலை." அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "அந்தப் பாதித் துண்டு அங்கதானே இருக்கு. அது பாட்டுக்கு வளரட்டும். வேணாம்னு சொல்றதை வளர்ந்தப்புறம் சொல்லலாமே. வளராததுக்கு எதுக்கு இப்பவே வேணாம்னு சொல்லணும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள்.

"யாரையாவது கூப்பிடலாம். உன்கிட்ட படிச்சவங்க ஊர் முழுக்க இருக்காங்களே."

"வருவாங்க. வந்து ஐயோ பாவம்னு பாப்பாங்க. அது வேணாம். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"எங்க?"

"ஸ்டியரிங் முன்னாடி."

அவருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான வருடத்திலிருந்து அவள் அவருக்குப் பழகுநர் உரிமம் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அது காலாவதியாகும், புதிது எடுப்பாள், அவர் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்வார். வண்டியை மட்டும் தொடமாட்டார். "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பார்.

"எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதவங்களுக்குத்தானே சொல்லிக்கொடுக்கறேன். கீழ இறங்கி வாங்க. என்கிட்ட பிரேக் இருக்கு."

இடம் மாறினார்கள். பக்கத்து இருக்கையில் சாய்ந்ததும் அவள் மூச்சு சற்று நிதானப்பட்டது. அது அவளுடைய இடம். நெடுஞ்சாலையில் அவரை ஏற்றவில்லை. ஓரமாகவே ஊர்ந்துபோய் பக்கத்துச் சிறுசாலையில் திரும்பச் சொன்னாள். வண்டி குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சுவரருகே வந்தபோது திடீரென்று வேகத்தைக் குறைத்தார்.

"என்னாச்சு?"

"'இங்கு குப்பை கொட்ட கூடாது'ன்னு எழுதியிருக்கான். 'கொட்டக் கூடாது'. ஒற்று விட்டுட்டான்."

"முப்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டிட்டுத்தானே இருக்கேன்! ரோட்டைப் பாருங்க!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. சொல்லி முடித்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, அவர் பயந்து நிறுத்தி, மறுபடி கிளம்பி, சாதாரணமாகச் சீக்கிரம் வந்துவிடக்கூடிய தூரத்தை ஒரு மதியம் முழுக்க ஓட்டினார்கள். வீட்டு வாசலில் நின்றிருந்த நாத்தனார், அண்ணன் ஸ்டியரிங் பிடித்திருப்பதைக் கண்டு, அண்ணிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே கூடுமளவுக்கு அலறினாள்.

அன்று மாலையே டாக்டரிடம் போனில் சொன்னாள், மறுபடி முயலுங்கள் என்று. தனியாக ஓட்டியதற்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது காத்திருப்பு முதலாவதைவிட மோசம். கட்டி சும்மா இருக்காதல்லவா? அவளுக்கு முதுகில் வலி ஆரம்பித்தது. இடைக்காலமாக ஒரு கீமோ கொடுத்தார்கள். எடை இறங்கியது. ஆனால் காலையில் கணவருக்கு வகுப்பு என்று ஒன்று இருந்தது. கடைசி நாற்பது வருடமாக எழுத்துகளை மட்டும் பார்த்த கண், வண்டியின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்துபோகும். பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் எடுப்பார். அவள் திட்டுவாள், அவர் கோபித்துக்கொண்டு இறங்கி நடப்பார். அவள் ஓட்டக்கூடாது, நடந்தவரை மெல்ல மெல்லத் தொடர்ந்து வர வண்டியில் வேறு டிரைவரும் இல்லை என்பதால், அவரே திரும்பி வந்து ஏறவேண்டியிருக்கும்.

இந்த முறை நர்ஸ் வேகமாகப் பேசினாள். "வளர்ந்துடுச்சும்மா. நல்லா வளர்ந்துடுச்சு. லேப்ல எல்லா டெஸ்டும் பாஸ்."

பிரேக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இப்போது கையில் இருந்தது. அன்று முழுக்க அலமாரியிலிருந்த துணிகளை எடுத்து மடிப்பதும் கலைப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் அவளாகவே பையை எடுத்து வைத்தாள்.

தனி அறை. உள்ளே வருகிறவர்களுக்கு முகமூடி, கையுறை, அங்கி. புதிய செல்களுக்கு இடம் வேண்டும் என்று முதலில் வீரியமான கீமோ கொடுத்து, உடம்பில் மிச்சமிருந்த வெள்ளை அணுக்களைக் காலி செய்தார்கள். வாயெல்லாம் புண். ஜன்னல் திறக்கமுடியாத ஜன்னல். எழுந்து நடந்தால் கதவுவரை, திரும்பினால் கட்டில்வரை. மருந்துக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு அதற்குள்ளேயே நடந்தாள், நர்ஸ்கள் கெஞ்சும்வரை.

செல்கள் ஒரு சின்னப் பையில் வந்தன. சற்றே கலங்கிய தண்ணீர்போல் இருந்தது. பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் மாறி மாறிப் படித்துச் சரிபார்த்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இதுக்குள்ள கோடிக்கணக்கில இருக்கும்மா."

"இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் உள்ளே போனவற்றைத் தூண்டிவிடுவதற்கென்று இன்னொரு மருந்து தொடர்ந்து கொடுத்தார்கள். அதுதான் அவளைப் பந்தாடியது. குளிர் வந்தது. கட்டிலே ஆடுமளவுக்குக் குளிர். பிறகு காய்ச்சல். பிறகு இரண்டும் ஒன்றாக. அடுத்தடுத்த தவணைகளில் ரத்த அழுத்தம் விழுந்தது, உடம்பு நீர் கோத்து வீங்கியது, புத்தி கலங்கியது. யாரோ மாணவன் சுவரை நோக்கி வண்டியை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். "பிரேக்! பிரேக் போடுடா!" என்று கத்திக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை உதைத்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. நர்ஸ் அங்கே தலையணையைக் கட்டிவைத்தாள். அங்கியும் முகமூடியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து, "நீங்கதான் என்னை இதுல தள்ளிவிட்டீங்க. வளரட்டும் வளரட்டும்னீங்க. எழுந்து போங்க!" என்றாள். கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போகவில்லை.

டாக்டர் வந்து பார்த்து, மீதித் தவணைகள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதன் பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவர் சொல்லவும் இல்லை. பின்னாளில் நாத்தனார்தான் சண்டை நடுவே போட்டு உடைத்தாள். "என் அண்ணனை என்னென்ன பேசினே தெரியுமா?" என்று. அன்று முழுக்க பிரேக்கம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு போட்டாள்.

வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து ஸ்கேன். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நுரையீரல் கட்டி பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. கல்லீரலில் இருந்ததைக் காணோம்.

கணவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், அதை மாட்டாமலே வைத்திருந்தார்.

"குணமாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். நல்லா குறைஞ்சிருக்கு. எவ்வளவு நாள் இப்படியே இருக்கும்னு பார்க்கணும்."

வெளியே வந்ததும் அவள் முடிதிருத்துபவரைப் பற்றி நர்ஸிடம் விசாரித்தாள். நல்ல செய்தியை முதலில் அவரிடம் சொல்லவேண்டும் என்றிருந்தது. தன் செல்கள் வளர்ந்துகொண்டிருப்பதாக அன்று சொன்ன பொய்யையும் அவரிடமே சொல்லிச் சிரிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் செய்ய முடியவில்லை, பிறகு செய்தபோது எடுக்க ஆளில்லை. "மத்தவங்களைப் பத்தி நாங்க சொல்லக்கூடாதும்மா" என்றாள் நர்ஸ். சொல்லும்போது பிரேக்கம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

அவருடைய எண்ணுக்கு மறுநாள் மறுபடி அழைத்தாள். மனைவி எடுத்தாள்.

"ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாருங்க. கடையைக்கூடத் திறந்தாரு. நாலு பேருக்கு முடி வெட்டினாரு. அப்புறம் திரும்பிடுச்சு. வேகமா திரும்பிடுச்சு. போன வாரம் போயிட்டாருங்க." ஒரு பெருமூச்சு கேட்டது. "உங்களைப் பத்திச் சொல்லுவாரு. அந்தம்மாவோடது என்னைவிட வேகமா வேலை செய்யும்பாரு. எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லைங்க" என்றாள் பிரேக்கம்மா. குறைந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த முறை டாக்டர் அறையில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள். "அவருது முதல் தடவையே வளர்ந்துச்சு. என்னுது வளரவே இல்லை, ரெண்டாவது தடவைதான். அப்புறம் ஏன் இப்படி?"

"தெரியலைங்க" என்றார் டாக்டர். "நிஜமாவே தெரியலை. அவர் யாரு, என்னன்னு நான் பேச முடியாது. ஆனா ஒருத்தருக்கு ஏன் வேலை செய்யுது, இன்னொருத்தருக்கு ஏன் செய்யலைங்கறதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்க எல்லாரும் உங்க ரத்தத்தைக் கொடுத்திட்டிருக்கீங்க."

"கண்டுபிடிச்சா சொல்வீங்களா?"

"சொல்றேன்."

அவள் கையை நீட்டினாள். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நடுவில் கழுத்தில் ஒரு நிணநீர் முடிச்சு பெருத்தது. கதிர்வீச்சு கொடுத்து அடக்கினார்கள். மற்றவை அசையாமல் இருக்கின்றன. மூச்சு முன்போல் இல்லை, ஆனால் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறாள். வகுப்புகளை மறுபடி எடுக்கிறாள், காலையில் மட்டும். முடிதிருத்துபவரின் மனைவிக்கு அவ்வப்போது போன் செய்வாள். இருவரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கடையை வாடகைக்கு விடுவதைப் பற்றியும் பேசுவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அந்த வாரம் வீட்டில் மனிதர் குடியிருக்க முடியாது. இந்த வாரம் அந்த வாரம். திங்கட்கிழமை திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். நேற்று சமையலறையின் எல்லா டப்பாக்களையும் தரையில் இறக்கிவிட்டாள். எதில் உப்பு, எதில் சர்க்கரை என்று தெரியாமல் நாத்தனார் கோபித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள், போய்விட்டு அரை மணிக்கொருமுறை போனில் விசாரிக்கிறாள். இன்று பரணைச் சுத்தம் செய்யவேண்டும் என்று ஏணியைச் சாய்த்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலையில ஸ்கேன். இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரேன்" என்றார் கணவர்.

"சும்மா இருந்தா நல்லா வரும்னு டாக்டர் சொன்னாங்களா?"

"சொல்லலை."

"அப்போ ஏணியைப் பிடிங்க. ஆடுது."